மெட்ரோபோலிஸ்: எந்த டிஸ்க் நல்லது? பாதியில் மழை பெய்கிறதே!

கரிகாலன்78

வணக்கம் நண்பர்களே. ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 1927ஆம் வருட ஜெர்மன் மௌனப் படம் மெட்ரோபோலிஸ் பற்றி ஒரு சந்தேகம்.

என்னிடம் பல வருடமாக இருந்தது ஒரு மலிவு டிவிடி. முகமெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருக்கும். பின்னால் ஒரு பியானோ அதுபாட்டுக்கு ஓடும். விஞ்ஞானி ரோட்வாங் எதற்காக அந்த எந்திரப் பெண்ணைச் செய்தான் என்பதே எனக்கு விளங்கியதில்லை. போன மாதம் 2010 மறுசீரமைப்பின் ப்ளூரே வாங்கினேன். தொடக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. பிஸ்டன்களின் எண்ணெய்ப் பளபளப்புகூடத் தெரிகிறது.

ஆனால் நடுநடுவே திடீரென்று படம் கெட்டுப்போகிறது. மேலிருந்து கீழே கோடு கோடாக மழை. ஓரத்தில் கறுப்புப் பட்டை வேறு. கொஞ்ச நேரத்தில் மறுபடி பளிச்சென்று ஆகிவிடுகிறது. டிஸ்க் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? இதைவிடச் சுத்தமான வெளியீடு இருந்தால் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி

தம்பி, டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் பழுது என்று நினைப்பதுதான் அந்த டிஸ்க்கிலேயே விலைமதிப்பில்லாத பகுதி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் முப்பது வருடம் தியேட்டர் கேபினில் நின்றவன், மழை பெய்யும் பிரிண்டோடு எனக்கு நல்ல பழக்கம்.

1927 ஜனவரி 10ஆம் தேதி பெர்லினில் முதல் காட்சி நடந்தபோது படத்தின் நீளம் 4189 மீட்டர். சில மாதத்தில் அதைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ஒரு நாடக ஆசிரியர் கதையையே மாற்றி வெட்டினார். ஜெர்மனியிலும் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 3241 மீட்டராகக் குறைத்து மறுபடி வெளியிட்டார்கள். கால் பங்குக்குக் கிட்டப் போனது அப்படித்தான். உங்களுக்கு விளங்காமல் போன விஷயமும் அதில்தான் போனது. ரோட்வாங் காதலித்த பெண்ணின் பெயர் ஹெல். அவள் நகரத்தை ஆளும் ஃபிரெடர்சனை மணந்து, கதாநாயகன் ஃபிரெடரைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். அவளுக்காக ரோட்வாங் வீட்டுக்குள் ஒரு நினைவுச் சிலை வைத்திருக்கிறான். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நரகம் என்ற சொல்லை ஒட்டி வருகிறது என்று அமெரிக்கப் பதிப்பில் ஹெல்லையே தூக்கிவிட்டார்கள். காரணத்தை வெட்டிவிட்டால் அவன் வெறும் பைத்தியக்காரனாகத்தானே தெரிவான்?

எண்பது வருடம் அந்தப் பகுதிகள் எங்கேயும் கிடைக்கவில்லை. 2008இல் அர்ஜென்டினாவில், புவெனஸ் ஐரிஸ் நகரின் சினிமா அருங்காட்சியகத்தில் அகப்பட்டது. வெட்டுப்படுவதற்கு முந்தைய பிரிண்ட் ஒன்றை 1928இல் அங்கே ஒரு விநியோகஸ்தர் கொண்டுபோயிருந்தார். ஒரு விமர்சகரின் சேகரிப்புக்குப் போய், பிறகு அரசின் கைக்கு வந்தது. நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கும் என்பதால் அதை 16 எம்எம் என்ற சின்ன ஃபிலிமில் நெகட்டிவாக நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட்டார்கள். அந்த நகல்தான் மிஞ்சியது.

அதைத் தேடிப் போனவர் ஃபெர்னாண்டோ பேன்யா. அவருக்குத் துப்பு கிடைத்த விதம் என்னைப்போன்ற ஆளுக்கு மறக்காது. அங்கே ஒரு திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தை ஓட்டினவர், ஃபிலிம் சரியாக உட்காராததால் புரொஜெக்டரில் விரலை வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அழுத்திப் பிடித்திருந்தேன் என்று அலுத்துக்கொண்டாராம். அத்தனை நேரம் ஓடும் மெட்ரோபோலிஸ் உலகத்தில் எங்கேயும் கிடையாதே என்று பேன்யாவுக்குப் பொறி தட்டியிருக்கிறது. பாவ்லா ஃபெலிக்ஸ் தீதியேர் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். புரொஜெக்டரின் விளக்குக்கு முன்னால் ஃபிலிம் துள்ளும்போது விரலால் அணைத்துப் பிடித்து நானும் ஓட்டியிருக்கிறேன். விரல் நுனி சூடாகிக் கன்றிப்போகும். அந்த வலியைப் பற்றி ஒருவர் புலம்பியதில்தான் இந்தப் படம் திரும்பி வந்தது.

சரி, மழைக்கு வருகிறேன். பிரிண்டில் கோடு விழுந்தால் பல சமயம் சரிசெய்யலாம். ஃபிலிமைப் போலவே ஒளியை வளைக்கும் திரவத்தில் நனைத்து நகல் எடுத்தால் கீறல் நிரம்பி மறைந்துவிடும். அர்ஜென்டினாவில் கீறலையும் எண்ணெய்க் கறையையும் துடைக்காமல் அப்படியே 16 எம்எம்மில் படம் பிடித்துவிட்டார்கள். அதனால் கோடு ஃபிலிமின் மேலே இல்லை. முகத்தோடு முகமாகக் கலந்து கிடக்கிறது. கம்ப்யூட்டரை வைத்துக் குறைத்தார்கள். முழுதாக அழித்தால் கூடவே மூக்கும் கண்ணும் போயிருக்கும்.

கறுப்புப் பட்டையும் அப்படித்தான். மௌனப் படத்தின் சட்டம், அதாவது ஃபிரேம், அகலமானது. 16 எம்எம்முக்கு மாற்றும்போது அதன் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. மிஞ்சியதைப் பெரிதாக்கித் திரையை நிரப்பியிருக்கலாம். செய்யவில்லை. பக்கத்து ஷாட்டில் ஆள் எந்த அளவில் நிற்கிறாரோ அதே அளவில் வைத்து, இல்லாத இடத்தை இல்லை என்றே காட்டியிருக்கிறார்கள். நான் ஒரு வெளியீட்டை எடைபோடுவது இதை வைத்துத்தான்: இருப்பதை உள்ளபடி காட்டுகிறதா, இல்லாததை மூடி மறைக்காமல் ஒத்துக்கொள்கிறதா?

தூண்டில்

ரீல்பெட்டி ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை.

டிஸ்க் என்பது ஆவணக் காப்பகம் இல்லை. ஒருவர் மாலையில் வேலை முடிந்து வந்து போட்டுப் பார்ப்பது. முதல்முறை பார்க்கிறவருக்கு 2001இல் முர்னாவ் அறக்கட்டளைக்காக மார்ட்டின் கோர்பர் செய்த மறுசீரமைப்புதான் சிறந்தது என்பேன். அதன் டிவிடி இன்னும் பழைய சரக்கில் கிடைக்கிறது. கிடைத்ததில் நல்ல 35 எம்எம் மூலங்களைத் தேடித்தேடிச் சேர்த்த படம் அது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சீரான தரம். காணாமல்போன இடங்களில் என்ன நடந்தது என்று எழுத்தட்டை போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் திரைப்படம் மெட்ரோபோலிஸ், அந்த மறுசீரமைப்பைக் கொண்டுதான் அங்கே போனது.

2010 பதிப்பில் ஒரே காட்சிக்குள் பளிங்கு போல ஒரு ஷாட், அடுத்து மழை, மறுபடி பளிங்கு. கதையில் மூழ்கியவரைக் கரையில் தூக்கிப் போடுகிறது. என் மனைவி முக்கால் மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். ஒரு டிஸ்க் பார்வையாளரை உட்கார வைக்கவில்லை என்றால் அது எவ்வளவு நேர்மையாக இருந்து என்ன பயன்?

ரீல்பெட்டி

தூண்டில், உங்கள் கேள்வி நியாயமானது. நானும் அதை யோசித்திருக்கிறேன்.

2001 வேலையை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் 2010 இல்லை. ஆனால் எழுத்தட்டையில் படிப்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றா? ஃபிரெடரைப் பின்தொடரும் அந்த ஒல்லி மனிதனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளில் அவன் வந்தான், போனான், அவ்வளவுதான். 2010இல், ஃபிரெடருக்கு உதவும் யோசபாத்தின் வீட்டுக்குள் நுழைந்து, முதலில் பணத்தைக் காட்டி, பிறகு மிரட்டி, மெல்ல மெல்ல நெருக்குகிறான். ஃபிரிட்ஸ் ராஸ்ப் உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல் நடிக்கிறார். அந்தக் காட்சி முழுக்க மழைதான். எனக்கு இரண்டு நிமிடத்தில் மழை கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் ஜனங்கள் அப்படித்தான் பார்த்தார்கள். கோடு விழுந்தது என்று யாரும் எழுந்து போனதில்லை. ரீல் மாற்றி ஓட்டினால்தான் கல் விழும்.

யாழிசை

படத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். ஒலியை யாரும் தொடவில்லையே என்று வந்தேன்.

இந்தப் படத்துக்கு காட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸ் எழுதிய இசை வெறும் பின்னணி இல்லை. மறுசீரமைப்புக்கே அதுதான் முதுகெலும்பு. அவருடைய பியானோ சுருக்கப் பிரதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் படக்குறிப்புகள் இருக்கின்றன: இந்தச் சுரத்தில் கதவு திறக்கிறது, இந்தச் சுரத்தில் இவர் திரும்புகிறார் என்று. எந்த ஷாட் எங்கே வரவேண்டும் என்பதை 2001இலேயே அதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அர்ஜென்டினா நகல் வந்தபோது வரிசையைக் கண்ணாலேயே சரிபார்க்க முடிந்தது. 2010 பதிப்பில் பெர்லின் வானொலி சிம்பொனி இசைக்குழு, ஃபிராங்க் ஸ்ட்ரோபெல் நடத்தியிருக்கிறார். கரிகாலன் சொன்ன அந்த மலிவு டிஸ்க்கின் பியானோவை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் படத்துக்கு அதைவிடப் பெரிய அநீதி கிடையாது.

இன்னொரு விஷயம். ஐரோப்பிய டிவிடி வாங்கினால் அது பிஏஎல் (PAL) என்ற டிவி முறை என்பதால் நொடிக்கு 25 சட்டம் ஓடும். 24க்கு அமைந்த படத்தை 25இல் ஓட்டினால் நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் முக்கால் அரைச்சுரம் மேலே போய்விடும். வீணை மீட்டுகிற எனக்கு அது காதில் முள் குத்துவதுபோல இருக்கும். ப்ளூரேயில் அந்தத் தொல்லை இல்லை. 24ஆகவே வைக்கலாம்.

தூண்டில்

யாழிசை அக்கா, வேகம் என்று எடுத்தீர்கள், அதையே கேட்கிறேன். 1927இல் இந்தப் படம் உண்மையிலேயே 24இல்தான் ஓடியதா? மௌனப் படமென்றால் 16, 18, 20 என்று பலரும் சொல்கிறார்களே. அப்படியானால் இந்த டிஸ்க்குகள் எல்லாமே ஆட்களை ஓட ஓட விரட்டுகின்றன என்றுதானே ஆகிறது?

ரீல்பெட்டி

இந்தச் சண்டை ரொம்பப் பழசு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 எம்எம் ஃபிலிமில் அடிக்கு 16 சட்டம், மீட்டருக்கு ஏறத்தாழ 52 அரை. 4189 மீட்டர் என்றால் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் சட்டம். 24இல் ஓட்டினால் 153 நிமிடம், 20இல் 183 நிமிடம், 16இல் 229 நிமிடம். கிட்டத்தட்ட நாலு மணி நேரம். எந்தத் தியேட்டர்க்காரர் ஒத்துக்கொள்வார்?

கேமராவைக் கையால் சுற்றி எடுத்த காலம். எடுத்த வேகமும் ஓட்டிய வேகமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்குக் கிடையாது. எடுத்ததைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். சில காட்சிகளில் ஆட்கள் துள்ளுவது உண்மைதான், ஃபிரெடர் ஓடும் இடங்களில் எனக்கே தெரிகிறது. ஆனால் ஹுப்பெர்ட்ஸின் இசையை மூச்சுத் திணறாமல் படத்தோடு பொருத்த வேண்டுமானால் 24ஐ ஒட்டித்தான் வரவேண்டியிருக்கிறது. 24இல் ஓடும் டிஸ்க்கில் 20 வேகம் காட்ட இன்னொரு தடையும் உண்டு. ஒவ்வொரு ஐந்தாவது சட்டத்தையும் இரண்டு தடவை காட்டவேண்டும். அப்போது நடை தடுக்கித் தடுக்கி வரும்.

சிங்கைக் குமரன்

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கதி. பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ப்ளூரே டிஸ்க்குகள் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை ஏ, பி, சி என்று பகுதி பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கினோ வெளியீடு ஏ பகுதிக்கு. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் எங்களுக்கு நேராக ஓடும். பிரிட்டனின் யூரேகா வெளியீடு பி பகுதி. இந்தியாவும் இலங்கையும் சி பகுதி. எல்லாப் பகுதியும் ஓடும் பிளேயர் இல்லாமல் வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. படம் இரண்டிலும் ஒரே மறுசீரமைப்புதான், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் எழுத்தட்டையில். கினோவில் ஆங்கிலமாக மாற்றியிருக்கிறார்கள். யூரேகாவில் ஜெர்மன் அட்டையே வருகிறது, கீழே ஆங்கிலத் துணையெழுத்து. நான் யூரேகா பக்கம். தொழிலாளர்கள் லிஃப்டில் பாதாள நகரத்துக்கு இறங்குகிறார்களே, அப்போது அட்டையின் வரிகளும் அவர்களோடு சேர்ந்து கீழே இறங்குகின்றன. அந்த எழுத்தும் ஒரு ஷாட்தான். அதை மாற்றினால் ஷாட்டை மாற்றினதாகவே எனக்குப் படும்.

இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் 1984இல் வண்ணம் ஏற்றி, பாப் பாட்டுகள் சேர்த்து வெளியிட்ட பதிப்பும் ப்ளூரேயில் வந்திருக்கிறது. எழுத்தட்டைகளை எடுத்துவிட்டுத் துணையெழுத்து போட்டதால் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதை மெட்ரோபோலிஸ் என்று நினைத்து வாங்க வேண்டாம். மொரோடரின் படைப்பு என்று நினைத்து வாங்கலாம். ஆனால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் காலத்திலேயே தன் கைக்காசைப் போட்டுப் பிரிண்டுகளைத் தேடினார்.

மின்மினி

எல்லோரும் டிஸ்க் டிஸ்க் என்கிறீர்கள். யூடியூபில் செயற்கை நுண்ணறிவு வைத்து 4கேயில், நொடிக்கு 60 சட்டம் ஆக்கி, கலரும் ஏற்றிப் போட்டிருக்கிறார்களே, பார்த்தீர்களா? ஒரு கோடு இல்லை. நேற்று எடுத்த மாதிரி இருக்கு. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

ரீல்பெட்டி

பார்த்தேன் தம்பி. உங்களுக்குப் பிடித்தது தப்பே இல்லை. அதைப் பார்த்துப் பத்துப் பேர் இந்தப் படத்துக்குள் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள்.

எந்த வெளியீடு கைக்கு வந்தாலும் நான் முதலில் போடுவது தொடக்கத்தில் வரும் ஷிப்ட் மாறும் காட்சி. சுரங்கப் பாதையில் இரண்டு அணி. ஒன்று உள்ளே போகிறது, ஒன்று வெளியே வருகிறது. தலை எல்லாம் குனிந்திருக்கும். காலை மட்டும் பாருங்கள். உள்ளே போகிறவர்கள் வைக்கும் நடைக்கு, வெளியே வருகிறவர்கள் பாதி நடைதான் வைக்கிறார்கள். உழைத்துக் களைத்த கால். ஒரே சட்டத்துக்குள் இரண்டு தாளம்.

60 ஆக்கினால் இரண்டு சட்டத்துக்கு நடுவே கம்ப்யூட்டர் தானாக ஒரு சட்டம் வரைகிறது. களைப்பான அந்தக் கால் வழுக்கிக்கொண்டு போகிறது, பனிக்கட்டியில் நடப்பதுபோல. தரையில் பாதம் அழுந்துவது தெரியாது. முகத்துக்கும் அதே கதி. பின்வரிசை ஆளுக்கு மூலத்தில் முகம் கொஞ்சம் மங்கல்தான். அந்த மென்பொருள் அதைத் தெளிவாக்குவதாக நினைத்து வேறொரு முகத்தை எழுதிவிடுகிறது. 1926இல் பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் தலைகுனிந்து நின்ற ஒரு மனிதரின் முகம் அது. அதை அழித்துவிட்டு, பிறக்காத ஒருவரின் முகத்தை வைக்க யாருக்கு உரிமை?

உங்கள் டிவியிலும் இதே வேலையைச் செய்யும் ஒரு வசதி இருக்கும், அசைவை வழவழப்பாக்குவது. வாங்கும்போதே போட்டுவிட்டுத்தான் தருகிறார்கள். கரிகாலன், நீங்களும் பாருங்கள். முதல் காரியமாக அதை அணையுங்கள்.

யாழிசை

எந்திரப் பெண்ணுக்கு, தொழிலாளர்கள் நம்பும் மரியாவின் உருவம் ஏறும் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. ஒளி வளையங்கள் மேலும் கீழும் போகுமே, அது. அதே நெகட்டிவைத் திரும்பத் திரும்பச் சுற்றி, கேமராவுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தது. நல்ல டிஸ்க்கில் வளையத்தின் ஓரம் புகைபோலக் கரைந்து இருட்டோடு சேரும். ஃபிலிமின் துகள்களைத் துடைத்துவிட்ட பிரதியில் அந்தப் புகை படிக்கட்டுபோல அடுக்கடுக்காக உடைந்து தெரியும்.

தூண்டில்

60 சட்ட விவகாரத்தில் ரீல்பெட்டி ஐயாவோடு நூற்றுக்கு நூறு நிற்கிறேன். இல்லாத முகத்தை வரைவது மறுசீரமைப்பு இல்லை.

2001 பதிப்பு பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. புதிதாக வருகிறவருக்கு இன்றும் அதைத்தான் கையில் கொடுப்பேன். பிடித்துப்போனால் அவரே 2010ஐத் தேடி வருவார். நான் வந்த வழி அதுதான்.

கரிகாலன்78

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டிவியில் அந்த வசதி போட்டேதான் இருந்தது. எட்டு மாதமாக எல்லாப் படத்தையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுப் படத்தையும் மறுபடி பார்த்தேன். அம்மாவும் கூட உட்கார்ந்தார்.

ரோட்வாங் வீட்டில் ஃபிரெடர்சன் அந்தத் திரைச்சீலையை இழுக்கிறார். உள்ளே ஹெல்லின் பெரிய கல் முகம். அந்த இடத்தில் மழை கனமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை கறுப்புப் பட்டை வந்தவுடனே, இது அர்ஜென்டினாப் பெட்டியிலிருந்து வந்தது என்று தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிலைக்கு முன்னால் ஃபிரெடர்சன் தலை குனிந்து நிற்கிறார். அந்த ஆள் தலை குனிவார் என்று என் பழைய டிவிடி எனக்குச் சொன்னதே இல்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் அவளையே நெனச்சிட்டிருக்காங்கடா" என்றார். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கடைசிப் பகுதியில் ரோட்வாங்கும் ஃபிரெடர்சனும் சண்டை போட்டார்கள், மரியா தப்பினாள் என்று எழுத்தட்டை மட்டும் வருகிறது. அது அர்ஜென்டினாவிலும் இல்லையா?

ரீல்பெட்டி

இல்லை தம்பி. அதுவும், தேவாலயத்தில் துறவி பேசும் காட்சியும் இன்னும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.